முகத்தை வெட்டிய படம்

என் தம்பி பேசமாட்டான். காது நன்றாகக் கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்பிப் பார்ப்பான், சில நேரம் பார்க்கமாட்டான். சின்ன வயதில், கேரள எல்லைக்குள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குள் ஒருநாளும் சொன்னதில்லை. "அவனுக்க குணம் அப்பிடியாக்கும்" என்பாள். இப்போது தாடி மீசையோடு ஆள் அக்காவான என்னைவிட ஒரு தலை உயரம். குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தனுவச்சபுரத்தில் கல்லூரியில் படிக்கும்போது எனக்கென்று ஓர் இணையப் பக்கம் தொடங்கினேன். இலவசமாக இடம் தரும் தளம். வகுப்பில் எல்லாரும் தொடங்கினார்கள், மதிப்பெண் வந்ததும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். நான் விடாததற்குக் காரணம் தம்பி. பக்கத்தின் மேலே மினுங்கும் நட்சத்திரங்களால் ஆன ஒரு கோடு போட்டிருந்தேன். ஒருநாள் அவன் அதைப் பார்த்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தான். அவன் தானாக யார் பக்கத்திலும் உட்காருகிறவன் இல்லை.

அதற்குப் பிறகு அவனுக்காகவே அசையும் படங்கள் செய்ய ஆரம்பித்தேன். ரப்பர் மரத்துச் சிரட்டையில் பால் சொட்டும் ஒரு படம். பாறசாலை ரயில்வே கேட் ஏறி இறங்கும் ஒரு படம். எங்கள் வீட்டு மின்விசிறி. ஜிஃப் என்று சொல்கிறோமே, அது உண்மையில் அசைவதில்லை. சில படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். கடைசிப் படம் முடிந்ததும் முதல் படம் வரும், திரும்பத் திரும்ப, மாறாமல். அந்த மாறாமைதான் தம்பிக்கு வேண்டும். ஆனால் அளவும் மாறக்கூடாது. தன் உள்ளங்கையைத் திரையின்மேல் வைத்துப் பார்ப்பான். படம் உள்ளங்கைக்குள் அடங்கவேண்டும், அதைவிடச் சின்னதாகவும் ஆகக்கூடாது. கணினிக்கு ஓர் அளவு, என் கைப்பேசிக்கு ஓர் அளவு, அப்பாவின் பழைய கைப்பேசிக்கு வேறோர் அளவு என்று ஒவ்வொரு படத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பழகினேன்.

படம் பிடித்துப்போனால் அவன் கை ஒன்று செய்யும். வலது கையைக் காதோரம் கொண்டுபோய்க் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் உரசுவான். உரசும் ஓசையைக் கேட்பான். பிறகு உள்ளங்கையை மெல்லத் திருப்பி வெளியே காட்டுவான், யாருக்கோ எதையோ கொடுப்பதைப் போல. சந்தோஷத்துக்கும் அதுதான், பயத்துக்கும் அதுதான். நாங்கள் வேகத்தை வைத்து இன்னதென்று அறிந்துகொள்வோம்.

பஞ்சாயத்துத் தேர்தல் முடிவு வந்த நாளில் அம்மா அவனைப் பல் டாக்டரிடம் காட்ட நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போயிருந்தாள். திரும்பி வர பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஜெயித்தவர்களின் ஊர்வலம் வந்தது. செண்டைமேளம், கொடி, பின்னால் சரவெடி. வெடி அவர்கள் நின்ற இடத்துக்கு மிக அருகில் வெடித்தது. அம்மா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துத்தான் இருந்தாள். அவன் ஒரே இழுப்பில் கையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான். உயரமானவன் என்பதால் சற்று நேரம் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நான் பாறசாலையில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சும் வடிவமைப்பும் செய்கிறேன். அங்கே அம்மாவின் போன் வந்தது. பின்னால் செண்டை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மக்கா, அவனெ காணல்ல."

அப்பா ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிறவர். வெட்டுக் கத்தி இடுப்பில் இருந்தபடியே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்டாண்ட், கோயில் நடை, ரயில் நிலையம், ஆற்றங்கரை என்று இருட்டும்வரை தேடினோம். ஆற்றங்கரையில் அப்பா தண்ணீரைப் பார்ப்பதும், எங்களைப் பார்க்காமல் திரும்பி நடப்பதுமாக இருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் தன்மையாகவே பேசினார். மலையாளத்தில் தொடங்கி, அம்மா அழுவதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"பயப்படண்டா அம்மா, ஆளு கிடைப்பான். ஆளுக்கு ஏதாவது அடையாளம் உண்டா? மச்சம், தழும்பு?"

"கை" என்றேன். நானே என் காதோரம் செய்து காட்டினேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு முழுவதும் பார்த்தார். "மோளே, இதெப்பிடி நான் எழுதது? போட்டோல கை ஆடாதே."

போட்டோ என்று எங்களிடம் இருந்தது ஆதாருக்கு எடுத்ததுதான். அதில் இருப்பது யாராகவும் இருக்கலாம். அதோடு ஞாயிறுதோறும் அம்மாதான் அவனுக்குச் சவரம் செய்துவிடுவாள். வெளியே சுற்றினால் சீக்கிரமே முகம் தாடிக்குள் போய்விடும்.

கைப்பேசியில் ஒரு வீடியோ இருந்தது. அடுக்களைப் படியில் உட்கார்ந்து என் பக்கத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. கை காதுக்குப் போவதும் உரசுவதும் திரும்புவதும் அதில் முழுதாக இருந்தன. அதை வெட்டி அசையும் படமாக்கினேன். பக்கத்தில் இருந்த சிரட்டையையும் கேட்டையும் விசிறியையும் எடுத்துவிட்டு, தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரியும் எங்கள் போன் எண்ணும் எழுதி, நடுவில் அந்தப் படத்தை மட்டும் வைத்தேன்.

ஆனால் யார் என் பக்கத்துக்கு வரப்போகிறார்கள்? படம் ஆட்களிடம் போகவேண்டும். பஸ் கண்டக்டர்களின் குழு, ஆட்டோக்காரர்களின் குழு, பள்ளிவாசல் குழு, கடற்கரையில் வள்ளக்காரர்களின் குழு என்று கிடைத்த குழுவுக்கெல்லாம் அனுப்பினேன். முதலில் போகவே மாட்டேன் என்றது, கனம் அதிகம். ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டத்துக்குள் நெட் ஒரு கோடு காட்டினாலே பெரிது. அங்கேயும் திறக்கவேண்டும் என்று ஒன்று விட்டு ஒன்றாகப் படங்களை எடுத்துவிட்டேன். அதுவும் போதாமல் மேலும் எடுத்தேன். இலேசானதும் பறந்தது. பார்த்த இடத்தில் எல்லாம் அது வந்திருந்தது. அன்றைக்கு ஒரு தெம்பு வந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து அழைப்பு வந்தது. "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் காதுல அறைஞ்சிக்கிட்டு நிக்கான். உங்க ஆள்தான். உடனே வாங்க."

அப்பாவும் நானும் போனோம். நின்றிருந்தவர் அப்பா வயதுக்காரர். நிறுத்தாமல் தன் காதில் தானே அறைந்துகொண்டிருந்தார். காது சிவந்து வீங்கியிருந்தது. அழைத்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து, "இல்லியா?" என்றார். அப்பா ஒரு டீயும் பன்னும் வாங்கி அந்த மனிதர் அருகில் வைத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனபிறகு, "அவனுக்கும் ஆராவது இருப்பாவ" என்றார்.

நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் அறைகிற ஆளைக் காட்டினார்கள்? நாங்கள் எங்கேயும் அறைவான் என்று எழுதவில்லையே. பஸ்ஸிலேயே கைப்பேசியை எடுத்து நான் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அதை வேறு ஆளாக நின்று பார்க்கிறேன். இடையில் இருந்த படங்களை எடுத்துவிட்டதால் உரசல் காணாமல் போயிருந்தது. திருப்பும் இடம் காணாமல் போயிருந்தது. கை வெளியே இருக்கிறது, அடுத்த கணம் காதில் இருக்கிறது, மறுபடி வெளியே. என் தம்பி தன் காதில் தானே ஓங்கி அறைந்துகொண்டிருந்தான், நிற்காமல்.

நாங்கள் அறிந்த கையை நான் ஊருக்குக் காட்டவே இல்லை.

சரிசெய்ய என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். படங்களைக் குறைக்கக்கூடாது, நிறங்களைக் குறைக்கவேண்டும், நீள அகலத்தைக் குறைக்கவேண்டும். செய்து மறுபடி அனுப்பினேன். ஆனால் பழையதை அனுப்பிய இடத்திலெல்லாம் புதியதை யாரும் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று தள்ளிவிட்டார்கள்.

கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த இரண்டு பேர், நான் எழுத்துப்பிழை திருத்தும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் நீட்டினான், இருவரும் சிரித்தார்கள். திரை என் பக்கம் திரும்பியது. தம்பி அறைந்துகொண்டிருந்தான். யாரோ அதை ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். எங்கள் போன் எண் இருந்த வரி வெட்டப்பட்டு, அதற்குப் பதிலாக மலையாளத்தில் 'பெண்டாட்டி விளிக்கும்போள்', அதாவது பெண்டாட்டி கூப்பிடும்போது, என்று எழுதியிருந்தது.

பத்திரிகையில் மணமகளின் பெயரை முடித்துக்கொடுத்தேன். அவர்கள் போனபிறகு கடையின் பின்பக்கம் போய்க் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடை முதலாளி அக்கா வந்து என் தலையில் கைவைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவுக்கு இது தெரியக்கூடாது என்று நினைத்து வீட்டுக்கு வந்தால், அப்பா கிணற்றடியில் தனியாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கைப்பேசியை நீட்டினார். ரப்பர் வெட்டுக்காரர்களின் குழுவில் அவருக்கும் வந்திருந்தது.

"பிள்ளே, இத எப்பிடி அழிக்கது?"

"உங்க போன்ல அழிக்கலாம்ப்பா. எல்லார்க்க போன்லயும் அழிக்க முடியாது."

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிக்காத பிள்ளையாக்கும் அவன். ஒரு ஈயக்கூட அடிக்கமாட்டான்" என்றார். கைப்பேசியை மடக்கி வைப்பதுபோலச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மாட்டுக்குப் புல் அள்ளப் போனார்.

அதற்கு மறுநாள்தான் பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். ரயில் பாதை ஓரத்தில் கிடைத்த ஓர் உடல் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, பார்த்துச் சொல்லவேண்டும் என்றார்கள். அம்மாவிடம் வேறு ஏதோ சொல்லிவிட்டு அப்பாவும் நானும் போனோம். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அவனில்ல."

"நல்லாப் பாத்தீளா?"

"மொகம் இல்ல. கையக் காட்டச் சொன்னேன். கை வேற."

அவர் சொன்னது என் தலைக்குள் கிடந்தது. முகம் இல்லாதபோதும் கை அவருக்குப் போதுமாக இருந்தது.

அன்று மாலை கணினியின் முன் உட்கார்ந்தேன். அறிவிப்பை யாரும் அனுப்பமாட்டார்கள், ஸ்டிக்கரை எல்லாரும் அனுப்புவார்கள். அப்படியென்றால் நானே ஸ்டிக்கர் செய்யவேண்டும், போன் எண்ணை யாரும் வெட்டமுடியாதபடி படத்துக்குள்ளேயே எழுதவேண்டும். ஸ்டிக்கர் சதுரமாகத்தான் இருக்கவேண்டும், குறிப்பிட்ட எடைக்கு மேல் போகக்கூடாது. திரையில் அது தெரியும் அளவோ மிகச் சின்னது. அதற்குள் தம்பி முழுதாக இருந்தால் விரல்கள் புள்ளியாகிவிட்டன. உரசல் தெரியவேண்டும் என்று விரலைப் பெரிதாக்கினால் எண்ணுக்கு இடமில்லை. தமிழ் வரியை எடுத்தேன். மலையாள வரியை எடுத்தேன். எண்ணை மட்டும், அசையும் கைக்குக் குறுக்கே, தடித்த எழுத்தில் போட்டேன். இன்னும் விரல் தெரியவில்லை. கடைசியில் எடுப்பதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. காதும் கன்னத்தின் ஓரமும் நிற்க, முகத்தை வெட்டினேன்.

அம்மா பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"மொகம் எங்க?"

"அம்மா, மொகம் இருந்தா கை தெரியாது."

"எனக்க பிள்ளைக்கு மொகம் உண்டு" என்றாள். குரல் உயரவில்லை. "ஊரெல்லாம் அவன வச்சுச் சிரிக்குது, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? இப்ப நீயும் மொகத்த வெட்டுத."

திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் படத்தை ஓடவிட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்ப வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பைய" என்றாள்.

"என்னது?"

"இவ்வளவு வேகமா திருப்பமாட்டான். பயந்தாத்தான் இப்பிடி. உரசிட்டு ஒரு நேரம் நிப்பான், கேப்பான். பொறவாக்கும் திருப்புவான்."

தன் வலது கையைக் காதோரம் கொண்டுபோனாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் உரசின. கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு மெல்ல உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். அவள் அதைச் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படமும் நிற்கும் நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மறுபடி செய்யச் சொன்னேன், செய்தாள். கடைசியில் திரையும் அவளும் ஒன்றாகச் செய்தபோது, "இது எனக்க பிள்ளைக்க கையாக்கும்" என்றாள்.

அதை அனுப்பினோம்.

அழைப்புகள் வந்தன. கை வலிக்கு எண்ணெய் விற்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்துவிட்டு வைத்தார்கள். சிலர் மூச்சு மட்டும் விட்டார்கள். ஒரு பெண் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு, கிடைத்தானா என்று மட்டும் கேட்பாள், யாரென்று சொல்லமாட்டாள். வாரங்கள் போகப் போக அதுவும் குறைந்தது. அம்மா சாப்பாட்டை அவன் தட்டில் போட்டு மூடிவைப்பதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்த அன்றுதான் நான் முதல்முறையாக, இனி இல்லை என்று நினைத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பியும் பாதி வழிக்குமேல் போகவில்லை. ரோட்டோரம் நின்று, போகிற பஸ்களில் ஜன்னலோர முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

கடையில் இருக்கும்போது அந்த அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பிலேயே திட்டு.

"யாரு நீ? வாயில்லாத பிள்ளைய வீடியோ எடுத்துக் கேலி பண்ணுதியளே, வெக்கமா இல்ல? எப்ப வந்து எடுத்திய? ஆரு உள்ள விட்டா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அக்கா, நீங்க யாரு?"

"நான் இங்க சமைக்கவ. பாவப்பட்ட பிள்ளைகள வச்சுப் பாக்குத இடம் இது. எனக்க தங்கச்சி மகன் இந்தப் படத்த அனுப்பிச் சிரிக்கான். எங்க பிள்ளைக்க கை இது, எனக்குத் தெரியாதா? தெனமும் சோறு வைக்கும்போ எனக்கு முன்னால செய்யுத கை."

அந்தக் குரல் கடை முழுவதும் கேட்டது. முதலாளி அக்கா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிப் பேசினாள். இது கேலி இல்லை, இது அவன் அக்கா, இங்கே தேடாத இடமில்லை என்று அவள்தான் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

நாகர்கோவிலைத் தாண்டிக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு காப்பகம் அது. ரோட்டில் நடந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி டிரைவர் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பெயர் சொல்லமாட்டான், எழுதமாட்டான். அவர்களும் போலீசில் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் அது தமிழ்நாட்டுப் போலீஸ், எங்கள் புகார் கேரளத்தில். எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் தேடினோம், அந்தப் பக்கம் அவர்கள் தேடினார்கள்.

மூவரும் போனோம். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்திருந்தார்கள். தாடி அடர்ந்திருந்தது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆதார் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாலும் நான் கடந்துபோயிருப்பேன். எங்களை அவன் பார்க்கவில்லை. அம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. அவனுக்கு அது பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எலே, போவோமா?" என்றார் அப்பா.

மறுபடியும் கேட்டார். பிறகு எழுந்தான். யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்து அப்பா கொண்டுவந்த துணிப்பைக்கு அருகில் நின்றான். சமையல்கார அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து, "ஏசிட்டேன் மக்கா, மனசுல வைக்காத" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெங்காயம் மணத்தது.

இப்போது அவன் வீட்டில் இருக்கிறான். கேலி ஸ்டிக்கர் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வப்போது யாராவது அனுப்புகிறார்கள், நான் யாரென்று தெரியாமல்.

அவனுடைய வலது கெண்டைக்காலில் நீளமாக ஒரு தீக்காயத் தழும்பு இருக்கிறது. வீட்டைவிட்டுப் போகும்போது இல்லை. காப்பகத்துக்கு வரும்போதே இருந்தது என்றார்கள். சைக்கிள் மணி கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான், முன்பு அந்தப் பயம் கிடையாது. இடைப்பட்ட காலத்தில் எங்கே இருந்தான், யாரோடு இருந்தான் என்று அவனால் சொல்லமுடியாது.

நான் கேட்டுப்பார்த்தேன், எனக்குத் தெரிந்த ஒரே வழியில். சின்னச் சின்ன அசையும் படங்கள் செய்தேன். ஓடும் ரயில், லாரி, கடல் அலை, எரியும் அடுப்பு, சைக்கிளில் போகும் ஓர் ஆள். எல்லாம் அவன் உள்ளங்கை அளவுக்கு. ஒவ்வொன்றாகக் காட்டினேன். ரயிலைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். அலையைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தான். சைக்கிள் வந்ததும் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கித் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

அம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு அவன் காலடியில் உட்காரப் போய்க்கொண்டிருந்தாள்.

"விடு பிள்ளே" என்றாள். "கேக்காத."

நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து கேட்கவில்லை. ஆனால் ரோட்டில் சைக்கிளில் போகிற ஒவ்வோர் ஆணையும் பார்க்கிறேன்.